அம்மாவின் ஒரு வாளி வெந்நீர்: கேஸ் ஹீட்டரோடு 21 மாதங்கள்

என் அம்மாவுக்கு 78 வயது. ஷவர் அவருக்கு ஒத்துவராது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வாளி, ஒரு செம்பு, இந்த மூன்றும் இருந்தால்தான் அது குளியல். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, அண்டாவை ஏற்றி, ரப்பர் விறகில் தண்ணீர் காய வைத்த காலத்து மனுஷி. தலையில் ஊற்றினால் மூச்சு ஒரு நொடி நின்று வர வேண்டும். பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. முழங்கால் வலி கூடிய பிறகு அந்த வெந்நீர் அவருக்கு மருந்து மாதிரி ஆகிவிட்டது.

கீழ்க் குளியலறையில் எலெக்ட்ரிக் ஹீட்டர் இருந்தது. நம் பக்கத்து வீடுகளில் பார்க்கும் அதே வெள்ளைப் பெட்டிதான், 3.6 கிலோவாட். ஷவரில் நின்று குளிப்பவர்களுக்கு அது போதும். வாளிக்குப் போதாது. குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வாளியை நிரப்புவேன். நல்ல சூடாக வர வேண்டும் என்றால் தண்ணீரைக் குறைத்து வைக்க வேண்டும். குறைத்தால் வாளி நிறைய ஆறேழு நிமிடம். அதற்குள் முதலில் விழுந்த தண்ணீர் ஆறத் தொடங்கிவிடும். அதனால் அடுப்பில் ஒரு பானை தண்ணீர் கொதிக்க வைத்து, அதைத் தூக்கிக்கொண்டு போய் வாளியில் கலப்பது எங்கள் வீட்டு வழக்கம் ஆகிவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை என் இளைய மகன் அந்தப் பானையோடு ஈர மொசைக்கில் வழுக்கினான். பானை அவன் பாதத்தில் கொட்டியது. கொப்புளம் ஆறுவதற்கு மூன்று வாரம் ஆனது, தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த வாரம்தான் கேஸ் ஹீட்டர் தேட ஆரம்பித்தோம். 2024 தைப்பூசம் முடிந்த கையோடு, பிப்ரவரியில் வாங்கினோம்.

அப்போது எனக்குத் தெரியாத பல விஷயங்களை இந்த 21 மாதத்தில் கற்றுக்கொண்டேன். என் தங்கச்சியும் இரண்டு அலுவலகத் தோழிகளும் இப்போது வாங்கப் போகிறார்கள், ஆளுக்கு ஒரு கேள்வியாகக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. எந்த பிராண்ட் என்று மட்டும் எழுதவில்லை. ஒரே பெயரில் ஐந்தாறு விதம் விற்கிறார்கள், அதில் பாதி நம் வீட்டுக்குப் பொருந்தாது. பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

முதலில் அந்தக் கணக்கு. பினாங்கில் குழாய்த் தண்ணீர் காலையில் 27, 28 டிகிரியில் இருக்கும். அம்மா கேட்பது 45 டிகிரி. அதாவது 17 டிகிரி ஏற்ற வேண்டும். 3.6 கிலோவாட் ஹீட்டரால் அந்தச் சூட்டில் நிமிடத்துக்கு 3 லிட்டர்தான் தர முடியும். எங்கள் வாளி 18 லிட்டர். ஆறு நிமிடம் என்பது அங்கிருந்துதான் வருகிறது, ஹீட்டர் பழசானதால் இல்லை. 10 லிட்டர் என்று போட்ட கேஸ் ஹீட்டர் முழு நெருப்பில் 17 கிலோவாட் அளவுக்குச் சூடு தரும். ஏறக்குறைய ஐந்து மடங்கு. இப்போது அதே வாளி இரண்டேகால் நிமிடத்தில் நிறைகிறது.

பெட்டியின் மேல் 6 லிட்டர், 10 லிட்டர், 16 லிட்டர் என்று போட்டிருப்பது நிமிடத்துக்கு அத்தனை லிட்டர் தண்ணீரை 25 டிகிரி ஏற்றும் என்ற கணக்கு. குளிர்நாட்டுக்காரர்களுக்கு அது தேவை. நமக்கு 12லிருந்து 17 டிகிரி ஏறினால் போதும். ஆகவே 10 லிட்டர் நமக்குத் தாராளம். கடைக்காரர் ‘பெரிய குடும்பம், 16 எடுத்துக்குங்க’ என்பார். எடுக்காதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

முதலில் போன கடையில் எங்களுக்கு ஒரு மலிவான பெட்டியைக் காட்டினார்கள். 6 லிட்டர், 300 வெள்ளிக்கும் (ரிங்கிட்) கீழே. புகைக்குழாய் கிடையாது. பேட்டரியில் பற்ற வைக்கும். ‘பாத்ரூம் சுவரிலேயே மாட்டிடலாம், குழாய் வேலை மிச்சம்’ என்றார் கடைப் பையன். என் கணவர் பணம் எடுக்கப் போய்விட்டார். எனக்கு ஏனோ மனசு ஒப்பவில்லை. நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அன்று இரவு பெராயில் இருக்கும் ஒரு தம்பிக்கு போன் செய்தேன். எரிசக்தி ஆணையத்தில் பதிந்த கேஸ் ஃபிட்டர், எங்கள் உறவுக்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடைக்கு கேஸ் இணைப்பு போட்டவர். விஷயத்தைச் சொன்னதும், “அக்கா, அதை பாத்ரூமுக்குள்ள மாட்டச் சொன்னாங்களா?” என்று இரண்டு தடவை கேட்டார். “கதவைச் சாத்திக்கிட்டு அம்மா குளிப்பாங்கல்ல? அந்த அறையில இருக்கிற காத்தைத்தான் அந்த நெருப்பும் இழுக்கும், அம்மாவும் இழுப்பாங்க. எரிஞ்ச புகையும் அங்கேயேதான் நிக்கும்.”

இதை நான் கொஞ்சம் விரித்தே எழுத வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் தவறினால் மற்ற எதுவும் உதவாது. கேஸ் சரியாக எரிய நிறைய காற்று வேண்டும். காற்று போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் சுலபத்தில் விடாது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தலைசுற்றல், கால் தள்ளாட்டம். வயதானவர்கள் வெந்நீரில் குளித்த அசதி என்று நினைத்துக்கொள்வார்கள். ‘கேஸ் நாற்றம் வந்தால் தெரியும்தானே’ என்று என் கணவர்கூடக் கேட்டார். தோம்பில், அதாவது கேஸ் சிலிண்டரில், இருக்கும் கேஸுக்கு நாற்றம் உண்டு, கசிந்தால் தெரிய வேண்டும் என்றே அந்த நாற்றத்தைக் கலக்கிறார்கள். எரிந்து முடிந்த புகைக்கு அந்த நாற்றம் கிடையாது. மூக்கை நம்பி இருக்க முடியாது.

ஆகவே எங்கள் வீட்டில் முடிவு செய்த முதல் விஷயம் லிட்டரும் இல்லை, விலையும் இல்லை. புகை எங்கே போகும் என்பதுதான்.

எங்கள் வீடு இரண்டு மாடி வரிசை வீடு. இந்தப் பகுதியில் எல்லோரும் செய்வது போல நாங்களும் பின்பக்கத்துத் திறந்த இடத்தை மூடி, சமையலறையைப் பின்சந்து வரைக்கும் இழுத்துவிட்டோம். மேலே ஜின்க் கூரை. வீட்டில் திறந்த வெளிச் சுவர் என்று பார்த்தால் பின்சந்தைப் பார்த்த சுவர் ஒன்றுதான் மிச்சம். தம்பி வந்து ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்தார். புகைக்குழாயை ஜின்க் கூரைக்குள் விடுவதும் ஒன்று, குளியலறைக்குள் விடுவதும் ஒன்று என்றார். கடைசியில் ஹீட்டரைப் பின்சுவரின் உட்பக்கம், கதவருகே மாட்டி, புகைக்குழாயைச் சுவரைத் துளைத்துச் சந்துக்கு விட்டோம். பக்கத்து வீட்டுச் சன்னலிலிருந்து தள்ளியிருக்கும்படி இடம் பார்த்துத் துளைத்தார். குழாய் வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் பெட்டிக்குள் இறங்கும். பின்கதவும் அதன் பக்கத்து லூவர் சன்னலும் மூடாமல் காற்று வர வழி இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். லூவரின் ஒரு பகுதியை மூடவே முடியாதபடி கம்பி வைத்துக் கட்டிவிட்டோம்.

பெட்டி, உள்ளே விசிறி வைத்துப் புகையை வெளியே தள்ளும் வகை. 10 லிட்டர், முன்பக்கம் டிகிரி எண் காட்டும். 890 வெள்ளி. மாட்டுவதற்கு, தண்ணீர்க் குழாய் இழுப்பது, கேஸ் ஓஸ் (ரப்பர் குழாய்), ரெகுலேட்டர் எல்லாம் சேர்த்து 380 வெள்ளி. விசிறி இல்லாமல் சூட்டிலேயே புகை மேலே ஏறும் வகை இன்னும் மலிவு. ஆனால் எங்கள் சந்தில் கடல் காற்று நேராக அடிக்கும், புகையைத் திருப்பி உள்ளே தள்ளிவிடும். விசிறிக்கு மின்சாரம் வேண்டும், கரண்ட் போனால் வெந்நீரும் போகும். அந்தக் குறையை ஏற்றுக்கொண்டேன்.

ரெகுலேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தைக் கடைகளில் வாட்டி எடுக்கும் பெரிய அடுப்புக்கான ரெகுலேட்டரும் தொங்கும், வீட்டு அடுப்புக்கானதும் தொங்கும். ஹீட்டருக்கு வீட்டு வகை, குறைந்த அழுத்தம்தான், 2.8 கிலோபாஸ்கல். எங்கள் ஹீட்டரின் பக்கவாட்டுத் தகட்டில் அந்த எண்ணே அச்சடித்திருக்கிறது. கோலாலம்பூர் பக்கம் கொண்டோ அடுக்குமாடிகளில் குழாய் வழியாக இயற்கை எரிவாயு வருகிற வீடுகளில் இருப்பவர்கள் இதே பெட்டியை வாங்கி அப்படியே மாட்ட முடியாது. அந்த வாயுவுக்கு உள்ளே இருக்கும் துளைகளின் அளவு வேறு. பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் என் அண்ணனுக்காக இங்கே மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்னொன்று வாங்கப் போனேன், தம்பி தடுத்துவிட்டார்.

அடுத்து எங்களுக்கு வந்த பெரிய ஏமாற்றம். கீழ்க் குளியலறை, சமையலறை, மேல்மாடிக் குளியலறை என்று மூன்று இடத்துக்கும் ஒரே ஹீட்டரிலிருந்து வெந்நீர் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கீழே குழாயைத் திறந்ததும் ‘டிக் டிக்’ என்று பொறி விழுந்து நெருப்பு பிடித்தது. மேலே ஷவரைத் திறந்தால் ஒன்றுமே நடக்கவில்லை. பச்சைத் தண்ணீர்தான் வந்தது. பெட்டி கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன்.

கெட்டுப்போகவில்லை. கேஸ் ஹீட்டர் தண்ணீர் ஓடுவதை உணர்ந்துதான் பற்றும். எங்களுடையது நிமிடத்துக்கு இரண்டரை லிட்டராவது ஓடினால்தான் பற்றும். நம் வீடுகளில் தண்ணீர் கூரையடித் தொட்டியிலிருந்து இறங்கி வருகிறது. ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.01 மெகாபாஸ்கல் அழுத்தம். கீழே குழாய்க்கும் தொட்டிக்கும் நடுவில் ஐந்தாறு மீட்டர் இருக்கிறது, அதனால் நன்றாக ஓடுகிறது. மேல்மாடி ஷவர் தொட்டிக்கு ஒன்றரை மீட்டர்கூடக் கீழே இல்லை. அந்தத் தண்ணீர் தொட்டியிலிருந்து கீழே ஹீட்டர் வரைக்கும் இறங்கி, அதற்குள் வளைந்து, திரும்ப மேலே ஏற வேண்டும். கடைசியில் நூல் மாதிரி வருகிறது. பம்ப் வைத்தால் சரியாகும். ஆனால் இன்னும் 500, 600 வெள்ளி, சத்தம் வேறு. வேண்டாம் என்று விட்டுவிட்டோம். மேல்மாடியில் பிள்ளைகளுக்குப் பழைய எலெக்ட்ரிக் ஹீட்டரே இருக்கிறது. அதற்கு 10 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) உண்டு, மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்ப்பது என் மூத்த மகனின் வேலை.

வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள். வெந்நீர் வேண்டிய இடத்தில் குழாயை முழுதாகத் திறந்து, ஒரு நிமிடத்தில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது என்று அளந்து பாருங்கள். ஐந்து லிட்டருக்குக் கீழே வந்தால் பம்புக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள், அல்லது எலெக்ட்ரிக்கோடு இருந்துவிடுங்கள். ஹீட்டருக்குள் போய் வரும்போது இன்னும் கொஞ்சம் குறையும்.

இப்போது 16 லிட்டர் ஏன் வேண்டாம் என்று சொல்கிறேன். ஆயர் ஈத்தாமில் என் நாத்தனார் வீட்டில் 16 லிட்டர் பெட்டி இருக்கிறது, சூரியனும் பனியும் படம் போட்ட குமிழ் வைத்தது. காலையில் பிரமாதம். மத்தியானம் மூன்று மணிக்குப் போய்த் திறந்தால் கை வெந்துவிடும். காரணம் இதுதான்: எந்த ஹீட்டருக்கும் இதற்குக் கீழே நெருப்பைக் குறைக்க முடியாது என்று ஓர் அளவு உண்டு. அது 5 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 3 லிட்டர் தண்ணீர் ஓடினால் அந்தக் குறைந்தபட்ச நெருப்பே 24 டிகிரி ஏற்றிவிடும். வெயிலில் காய்ந்த கூரையடித் தொட்டித் தண்ணீர் ஏற்கெனவே 32 டிகிரி. கூட்டினால் 56 டிகிரி. 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும், வயதானவர்களின் தோல் இன்னும் மெல்லியது. பெட்டி பெரிதாகப் பெரிதாக, பெரும்பாலும் அந்தக் குறைந்தபட்ச நெருப்பும் பெரிதாகும். விளம்பரத் தாளில் அதிகபட்ச எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். நம் ஊருக்கு வேண்டியது குறைந்தபட்ச எண். கையேட்டைப் பிரிக்கச் சொல்லி, அதைப் பார்த்து வாங்குங்கள். நான் கடையில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்தேன். கடைக்காரருக்கு அலுப்பாகத்தான் இருந்தது. இருந்தாலும் நான்கு பெட்டிகளின் கையேட்டைப் பிரித்துக் காட்டினார், அதற்கு அவருக்கு நன்றி.

எங்கள் பெட்டியை 45ல் வைத்திருக்கிறோம். மத்தியானத்தில் அது 48 வரை போகும். அதனால் வாளியில் எப்போதும் பச்சைத் தண்ணீர் கால்வாசி பிடித்துவிட்டுத்தான் வெந்நீரைத் திறப்பது என்று வீட்டில் சட்டம்.

பழக வேண்டிய வேறு இரண்டு விஷயம் உண்டு. ஹீட்டருக்கும் குளியலறைக்கும் நடுவில் எங்களுக்கு 12 மீட்டர் குழாய். அதில் நிற்கும் ஒன்றரை, இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீர் வெளியே போன பிறகுதான் சூடு வரும். அதைத் தனி வாளியில் பிடித்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறோம். அதேபோல், சோப்புப் போடும்போது குழாயை மூடித் திறந்தால் நடுவில் ஒரு மடக்குப் பச்சைத் தண்ணீர் வந்துவிட்டுத்தான் சூடு திரும்பும். ஷவரில் குளிக்கும் என் கணவருக்கு இது பெரிய தொல்லை. வாளியில் குளிக்கும் அம்மாவுக்குத் தெரியவே தெரியாது.

செலவுக்கு வருவோம். 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசு, அதாவது கிலோ 1 வெள்ளி 90 காசு. இது அரசாங்க மானியம் சேர்ந்த விலை. ஒரு கிலோ கேஸில் 13 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு இருக்கிறது. புகையோடு போவது போக 11 யூனிட் தண்ணீரில் சேர்கிறது என்று வைத்தால், ஒரு யூனிட் சூடு 17 காசு. மின்சாரம், 2025 ஜூலையில் கட்டணம் மாறிய பிறகு, எங்கள் மாதிரி வீட்டுக்குக் கழிவுகளுக்கு முன் யூனிட் 44 காசு வருகிறது. பாதிக்கும் குறைவு என்று சந்தோஷப்படத் தோன்றும். ஆனால் மாதக் கடைசியில் கையில் அப்படி ஒன்றும் மிஞ்சவில்லை. வெந்நீர் தாராளமாக வருவதால் எல்லோரும் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரம் கழுவவும், அம்மாவின் போர்வையை நனைக்கவும் வெந்நீர்தான். தோம்பின் மேல் சாக்குக்கட்டியால் தேதி எழுதிப் பார்த்தேன், ஒரு தோம்பு 38லிருந்து 42 நாள் வருகிறது. மின்சாரப் பில்லில் குறைந்ததும் கேஸுக்குக் கூடியதும் ஏறக்குறைய சரியாகப் போய்விட்டது. பணம் மிச்சமாகும் என்று நினைத்து இதை வாங்காதீர்கள். அதே பணத்துக்கு இரண்டரை மடங்கு வெந்நீர் கிடைக்கும் என்று நினைத்து வாங்கலாம்.

அடுப்புக்கும் ஹீட்டருக்கும் ஒரே தோம்பு வைக்காதீர்கள். முதல் வருடம் நாங்கள் வைத்திருந்தோம். 2024 தீபாவளி, விடியற்காலை நாலரை மணி. அம்மா எல்லோருக்கும் தலையில் எண்ணெய் வைத்து முடித்திருந்தார். கணவர் குளித்துவிட்டார், மூத்தவன் குளித்துவிட்டான். இளையவன் தலையில் சீயக்காயோடு இருக்கும்போது தண்ணீர் ஆறிக்கொண்டே வந்தது, பிறகு நெருப்பு நின்றுவிட்டது. தோம்பு காலி. அடுப்பும் எரியவில்லை. நல்ல நாளில் இட்லி அரைவேக்காட்டில் நின்றது. அந்த நேரத்துக்குக் கேஸ் லாரிக்காரருக்குப் போன் செய்ய முடியுமா? பக்கத்து வீட்டு மேரி அக்கா தன் வீட்டுத் தோம்பைச் சந்து வழியாக உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். அந்த வாரமே இரண்டாவது தோம்புக்கு முன்பணம் கட்டி வாங்கிவிட்டோம். தோம்பு காலியாகும்போது இரண்டு மூன்று நாளுக்கு முன்பே சொல்லும்: திரையில் 45 என்று வைத்தாலும் தண்ணீர் 45க்கு ஏறாது, பற்றும்போது பொறி நாலைந்து தடவை விழும். இப்போது அந்த அறிகுறி எங்களுக்குப் பழகிவிட்டது. இந்த வருடத் தீபாவளிக்கு இரண்டு தோம்பும் நிறைந்திருந்தன.

பராமரிப்பு பெரிதாக இல்லை, ஆனால் விடக்கூடாதவை சில உண்டு. தண்ணீர் உள்ளே போகும் இடத்தில் விரல் நுனி அளவு ஒரு சல்லடை இருக்கிறது. ஊரில் தண்ணீர் நின்று திரும்ப வரும்போதெல்லாம் முதலில் கலங்கல் வரும், அது அந்தச் சல்லடையில் அடைத்துக்கொள்ளும். ஹீட்டர் பற்றவில்லை என்றால் முதலில் அதைக் கழற்றிக் கழுவுங்கள். நாங்கள் முதல் தடவை தெரியாமல் ஒரு பழுது பார்ப்பவரை வரவழைத்து 80 வெள்ளி கொடுத்தோம், அவர் செய்தது அதை மட்டும்தான். பினாங்குத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் இல்லை, அதனால் உள்ளே உப்புப் படியும் தொல்லை எங்களுக்கு இதுவரை வரவில்லை.

குளவிதான் என் பெரிய பயம். ஒரு நாள் பெட்டியின் சிறு சன்னல் வழியாகப் பார்த்தபோது எப்போதும் நீலமாக இருக்கும் நெருப்பு நுனியில் மஞ்சளாக ஆடியது. மஞ்சள் நெருப்பு என்றால் காற்று போதவில்லை என்று பொருள். உடனே மூடிவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டோம். புகைக்குழாயின் வாயில் ஒரு மண்குளவி கூடு கட்டியிருந்தது, பாதிக் குழாயை அடைத்துவிட்டது. அன்று விசிறி போராடிக்கொண்டு இருந்திருக்கிறது. இப்போது மாதத்துக்கு ஒருமுறை கணவர் சந்தில் ஏணி போட்டு அந்த வாயைப் பார்க்கிறார். அதற்கு மேல், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வாங்கி, அம்மா படுக்கும் அறைக்கு வெளியே மாட்டியிருக்கிறேன். ஓஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் மாதம் ஒருமுறை ஏணி போடும் அன்றைக்கேதான். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் தோம்பை மூடிய கேபினட்டுக்குள் வைக்கவே இல்லை, பின்கதவோரம் திறந்தபடி நிற்கிறது. கடல் காற்றில் பெட்டியின் அடிப்பகுதித் திருகுகள் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கின்றன, அதற்குக் கிரீஸ் தடவுகிறோம்.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். திறந்த வெளிச் சுவரே இல்லாத அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு வேண்டாம். தனியாக இரண்டு பேர், ஷவரில் நின்று ஐந்து நிமிடத்தில் குளித்து வேலைக்கு ஓடுபவர்கள் என்றால் எலெக்ட்ரிக்கே போதும், இத்தனை பாடு தேவையில்லை. வீட்டு உரிமையாளர் சுவரைத் துளைக்க விடமாட்டார் என்றால் புகைக்குழாய் இல்லாத மலிவுப் பெட்டி பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். அதற்குப் பதில் பானையில் காய்ச்சிக்கொள்ளலாம், இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக்கொள்ளலாம்.

வயதானவர்கள், பிரசவம் முடிந்து வருபவர்கள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள் இருக்கிற வீடு, பின்சந்துச் சுவர் இருக்கிற வீடு என்றால் தாராளமாக வாங்குங்கள். என் மூத்த மகள் இந்த ஆகஸ்டில் தலைப்பிரசவம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். 40 நாள். காலையில் அவளுக்கு, பிறகு குழந்தைக்கு, பிறகு அம்மாவுக்கு என்று வாளி வாளியாக வெந்நீர் போனது. நொச்சி இலை போட்டுக் கொதிக்க வைக்கிற தண்ணீருக்கு மட்டும் அடுப்பைப் பற்ற வைத்தோம், ஹீட்டரில் தண்ணீர் கொதிக்காது. மற்றபடி அந்த 40 நாளில் ஒருவரும் ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் நடக்கவில்லை.

அம்மாவால் தரையில் உட்கார்ந்து கால் நீட்டி, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட முடியவில்லை. அதை மகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, தன் பிளாஸ்டிக் நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஹீட்டரை 40க்கு இறக்கி நான் தண்ணீரைக் கலந்து வைப்பேன், திரையில் எண் தெரியும். அம்மா திரையைப் பார்க்க மாட்டார். குனிந்து முழங்கையை வாளியில் நனைத்துப் பார்த்துவிட்டு, பேத்தியிடம் சொல்வார்: “இன்னும் ஒரு செம்பு பச்சத் தண்ணி ஊத்துடி.”